‘யாரு பக்கத்துல இருந்து வந்துச்சு?’ ஆட்டிசமும் மரபணுவும்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

ஆட்டிசம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஜெனடிக் டெஸ்ட். எடுக்கச் சொல்கிறார்களே, எடுக்கலாமா, எடுத்தால் என்ன தெரியும், தெரிந்து என்ன செய்வது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: என் பையனுக்கு நாலு வயசு முடிஞ்சுருச்சுங்க. மூணு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க, தெரபிக்குப் போயிட்டு இருக்கோம். இப்பக் கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் பையனோட காது, முகம், கைவிரல் எல்லாம் பார்த்துட்டு ஃப்ராஜைல் எக்ஸ் டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சுங்க. அப்ப முன்னாடி சொன்னது தப்பா? இது ஆட்டிசமா, இல்ல இந்த வியாதியா? மாமியார் வீட்டுல, ‘எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்ல, உன் வழியில வந்ததுதான்’னு சொல்லிட்டாங்க. எனக்குத் தூக்கமே இல்லைங்க.
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

பதில்: அம்மிணி, முதலில் அந்த முதல் கேள்வியை முடித்துவிடுவோம். இரண்டு டாக்டர் சொன்னதும் சரிதான். ஆட்டிசம் என்பது, பையன் எப்படிப் பழகுகிறான், பேச்சு எப்படி வருகிறது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறானா, சத்தத்தையும் கூட்டத்தையும் எப்படித் தாங்குகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வைக்கிற பெயர். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. ஃப்ராஜைல் எக்ஸ் என்பது அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தின் பெயர். ஒருத்தர் காய்ச்சல் என்கிறார், இன்னொருத்தர் டைபாய்டு என்கிறார், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள 100 பிள்ளைகளை எடுத்தால் ஃப்ராஜைல் எக்ஸ் இருப்பது ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆனால் ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள பையன்களை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர் வரைக்கும் ஆட்டிசமும் இருக்கும். உங்கள் பையனுக்கு இரண்டு பெயரும் பொருந்துகிறது.

இது என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்று ஒரு மரபணு இருக்கிறது, 1991-ல் கண்டுபிடித்தார்கள். அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும், பெரும்பாலோருக்கு ஒரு 30 தடவை போல. 55-லிருந்து 200 வரை போனால் முன்நிலை மாற்றம் என்போம். 200-ஐத் தாண்டினால் உடம்பு அந்த மரபணுவையே மூடிவிடுகிறது, அதிலிருந்து வர வேண்டிய புரதம் வராது. மூளையில் நரம்பும் நரம்பும் சேர்கிற இடத்தில் மற்றப் புரதங்கள் எவ்வளவு தயாராகலாம் என்று அளந்து விடுவதுதான் அந்தப் புரதத்தின் வேலை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தடப்பள்ளி வாய்க்காலில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் வராமல் போனால் என்ன ஆகும்? தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், வயல் நிறைந்து வரப்பு உடையும். பையனின் மூளைக்குள் சத்தம், வெளிச்சம், ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்வதும், அவன் காதைப் பொத்திக்கொண்டு கையை உதறுவதும் இதன் தொடர்ச்சிதான்.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பேச்சுக்கு வருகிறேன். பையனுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்துதான் கிடைக்கிறது, அப்பா கொடுப்பது ஒய். அதனால் ஃப்ராஜைல் எக்ஸ் அம்மா வழியாகத்தான் பையனுக்கு வரும், இதை நான் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அது உங்கள் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்கு அவருடைய அம்மாவிடமிருந்து, அந்த அம்மாவுக்கு அதற்கும் முன்னால் யாரோ ஒருவரிடமிருந்து. இவர்களில் ஒருத்தர்கூடத் தெரிந்து கொடுக்கவில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் வழியில்லை. நாளைக்கு உங்கள் மாமியாரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அவரிடமும் வேறு ஏதாவது மரபணு மாற்றம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் இருக்கும். இல்லாத மனிதர் கிடையாது.

தாயைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாகப் பேசப்பட்டது. அதற்கப்புறம் பல வருஷம், ‘பாசமில்லாத அம்மாக்களால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது’ என்று படித்த டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டு உள்ளுக்குள் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இரண்டு பேருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உண்டான 10 ஜோடிகளில் ஒரு ஜோடியில்கூட அப்படி இல்லை. ஒரே வீடு, ஒரே அம்மா, வளர்ப்பும் ஒன்றுதான், ஆனாலும் வித்தியாசம் வருகிறதென்றால் காரணம் மரபணுவில் இருக்கிறது. வளர்ப்புதான் காரணம் என்ற பேச்சு அதற்கப்புறம் எடுபடவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு பையனோடு ஒரு குடும்பமே என் அறைக்கு வந்திருந்தது. நான் எப்போதும் ஒரு பேப்பரில் கட்டமும் வட்டமும் போட்டு மூன்று தலைமுறை உறவை வரைந்துகொள்வேன். பையனைத் தூக்கி வந்தது அவனுடைய அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர். பாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். மடிமேல் இருந்த வரைக்கும் கை சும்மா இருந்தது. பேப்பருக்குப் பக்கத்தில் போகப் போகத்தான் விரல் நடுங்க ஆரம்பித்தது, முனை பேப்பரைத் தொடும்போது பேனாவே ஆடியது. நரம்புத் தளர்ச்சி என்று மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாராம், நடக்கும்போதும் தடுமாற்றம். பெரிய மகளுக்கு 36 வயதிலேயே மாதவிலக்கு நின்றுபோனது என்று பாட்டி தணிந்த குரலில் சொன்னார்கள். டெஸ்ட் எடுத்ததில் அவருக்கும் இரண்டு மகள்களுக்கும் முன்நிலை மாற்றம். முன்நிலை உள்ளவர்களில், 50 வயதுக்கு மேல் ஆண்களுக்கு இந்தக் கை நடுக்கமும் தள்ளாட்டமும் வரக்கூடும், பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுபோகும். முன்நிலை உள்ள அப்பா அதை எல்லா மகள்களுக்கும் கொடுப்பார், மகனுக்குக் கொடுக்க முடியாது. மகளிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போதுதான் எண்ணிக்கை 200-ஐத் தாண்டுகிறது. நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: ‘அப்ப எம் புள்ளைக மேல தப்பில்லீங்களே?’ இல்லைங்க, உங்கள் மேலும் இல்லை என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதனால் அம்மிணி, உங்கள் அப்பா, அக்கா தங்கைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரிடமும் இந்த ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசுங்கள். முக்கியமாகக் கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கிற தங்கை இருந்தால் இன்றைக்கே பேசுங்கள். பையனின் தெரபியை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பதட்டம் அதிகம். ‘என்னைப் பாரு, கண்ணைப் பாரு’ என்று முகத்தைத் திருப்பினால் இன்னும் சுருங்கிப்போவார்கள். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் கேட்பார்கள். வலிப்பு வருகிறதா, அடிக்கடி காதில் சீழ் வைக்கிறதா, பாதம் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.

கேள்வி: நான் என் தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருக்கேன். மகளுக்கு ஆட்டிசம். சொந்தத்துல கட்டினதாலதான்னு ஊரே சொல்லுது. உண்மையா?
*வாசகி, காங்கேயம்*

பதில்: ஊர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது.

நம் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், கல்யாணம் செய்வதில்லை. பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. அதனால் ‘நாங்கள் ரத்த சம்பந்தத்தில் கட்டவில்லை’ என்று என்னிடம் பலர் சொல்வார்கள். கூட்டம் என்பது அப்பா வழியை மட்டும் எண்ணுகிற கணக்கு, மரபணு இரண்டு வழியையும் எண்ணுகிறது. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியைவிட, வேறு கூட்டத்துக்காரரான மாமன் மகன்தான் ரத்தத்தில் நெருக்கம். மாமன் மகனோடு எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனையே கட்டினால் நாலில் ஒரு பங்கு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படுகிற நோய்கள் சில உண்டு. அவைதான் சொந்தத்தில் கட்டினால் கூடும். ஃபினைல்கீட்டோனூரியா அதில் ஒன்று. பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து உணவை மாற்றினால் பிள்ளை மற்றவர்களைப் போல வளரும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி குறையும், ஆட்டிசத்தின் அடையாளங்களும் வரும். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகன் கட்டியவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள்.

ஆட்டிசத்துக்குக் காரணமாகத் தெரிந்த மரபணு மாற்றங்களில் நிறைய, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாக உண்டானவை. இன்னும் பலருக்கு ஒற்றை மரபணு காரணமே இல்லை, நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்கள் சேர்ந்து வருகிறது. இதற்கெல்லாம் நீங்கள் யாரைக் கட்டியிருந்தாலும் ஒன்றுதான். உங்கள் மகளுக்கு எது என்று டெஸ்ட் எடுத்தால்தான் சொல்ல முடியும். டாக்டரிடம் போகும்போது சொந்தத்தில் கட்டியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், எந்த டெஸ்ட் எடுப்பது என்பதே அதைப் பொறுத்து மாறும்.

கேள்வி: மூணு வயசுப் பையனுக்கு ஆட்டிசம், வலிப்பும் இருக்கு. முதுகுல இலை மாதிரி வெள்ளைத் தழும்பு நாலஞ்சு இருக்குங்க. தேமல்னு எண்ணெய் தேய்ச்சுட்டு இருக்கோம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?
*வாசகர், பல்லடம்*

பதில்: உண்டு தம்பி, அடுத்த வாரம் என்று தள்ளிப் போடாமல் கூட்டிப் போங்கள். வலிப்பு, வளர்ச்சிக் குறை, வேப்பிலை நீளத்துக்கு வெளிறிய தழும்பு, மூன்றும் சேர்ந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு புற ஊதா விளக்கைப் பிள்ளையின் முதுகில் காட்டுவோம். பகலில் கண்ணுக்குத் தெரியாத தழும்புகள்கூட அப்போது பளிச்சென்று தெரியும். ‘ரெண்டுதான் இருக்கு’ என்று சொன்ன அம்மா அந்த வெளிச்சத்தில் ஏழு எண்ணியதைப் பார்த்திருக்கிறேன்.

சுமார் 6,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது, அவர்களில் பாதிப் பேர் வரை ஆட்டிசமும் இருக்கும். டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்ற இரண்டு மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதானால் மூளை, இதயம், சிறுநீரகம், தோல் என்று பல இடத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகும். புற்றுநோய் அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் ‘ஆட்டிசம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் சிறுநீரகத்தை யாராவது ஸ்கேன் எடுத்திருப்பார்களா? இதற்காகத்தான் காரணத்தைத் தேடச் சொல்கிறேன். மூளைக்கு எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., இதயத்துக்கு எக்கோ, வயிற்று ஸ்கேன், கண் பரிசோதனை இவ்வளவும் தேவைப்படும். அப்புறம் வருஷா வருஷம் கண்காணிப்பு. உங்களில் யாருக்காவது மூக்கோரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் ரொம்ப வருஷமாக இருக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார், பிள்ளைக்குத் தெரிந்த பிறகுதான் தனக்கும் இருப்பது தெரிந்த அப்பாக்கள் உண்டு. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்குப் பெற்றோர் யாரிடமும் இல்லாமல் புதிதாக வருகிறது.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று. நாலைந்து மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, கும்பிடு போடுவது மாதிரி தொடர்ந்து பத்து இருபது தடவை வெட்டி வெட்டி இழுத்தால், அது பயந்ததும் இல்லை, வாய்வும் இல்லை, ஒரு வகை வலிப்பு. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள குழந்தைகளுக்கு இந்த வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்துகிற மருந்து இருக்கிறது. ஒவ்வொரு வாரத் தாமதமும் மூளை வளர்ச்சியைத் தின்னும்.

கேள்வி: பேத்திக்கு ரெண்டு வயசுங்க. ஒன்றரை வயசு வரைக்கும் அத்தா, மாமான்னு சொன்னவ, பிஸ்கட்டை எடுத்துத் தின்னவ. இப்பப் பேச்சும் இல்ல, கையில எதையும் புடிக்கறதில்ல. நாள் பூரா ரெண்டு கையையும் சேர்த்துத் துணி பிழியற மாதிரி முறுக்கிட்டே இருக்கா. ஆட்டிசம்னு சொல்றாங்க. கண்ணு பட்டுருச்சுன்னு மந்திரிச்சும் பார்த்தாச்சு.
*ஒரு பாட்டி, பவானி*

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருக்கிற அந்த ஒரு வரி, ‘துணி பிழியற மாதிரி’, அதைப் படித்ததும் எனக்கு ரெட் சிண்ட்ரோம் ஞாபகம் வந்தது. பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் டாக்டரிடம் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். 1966-ல் வியன்னாவில் ஆந்த்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அநேகமாகப் பெண் குழந்தைகளுக்குத்தான் வரும், சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு. எம்.இ.சி.பி.2 என்ற மரபணுதான் காரணம் என்று 1999-ல் தெரிந்தது. அது கிட்டத்தட்ட எப்போதுமே புதிதாக உண்டாகிற மாற்றம். அதனால் அப்பா வழியா அம்மா வழியா என்ற சண்டைக்கே இடமில்லை, கண்ணும் படவில்லை. முன்பு இதை ஆட்டிசக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள், 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பேர் மாறினால் பார்க்க வேண்டியதும் மாறுகிறது. மூச்சை அடக்கி அடக்கி விடுவது, வலிப்பு, வளர வளர முதுகெலும்பு வளைவது, ஈ.சி.ஜி.யில் வரும் மாற்றம், எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். பேச்சையும் கைத்திறனையும் இழக்கிற அந்தக் காலம் ஓய்ந்த பிறகு, இந்தக் குழந்தைகள் பலர் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள், கண்ணாலேயே பேசுவார்கள். பால் வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு டம்ளரையும் காட்டிவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள், எதை உற்றுப் பார்க்கிறாளோ அதுதான் அவள் பதில். அந்தக் காத்திருப்பை உங்கள் மாதிரிப் பாட்டிகளால்தான் செய்ய முடியும்.

கேள்வி: காசு செலவு பண்ணி மைக்ரோஅரே எடுத்தோம், நார்மல்னு வந்துருச்சு. அப்ப எங்க பொண்ணுக்கு ஆட்டிசம் இல்லையா?
*வாசகர், திருப்பூர்*

பதில்: இருக்கிறது. நார்மல் என்று வந்தது அந்த டெஸ்ட் தேடிய விஷயம் மட்டும்தான். மைக்ரோஅரே என்பது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா, இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் அதில் ஏதாவது கிடைக்கும். ஃப்ராஜைல் எக்ஸ் அதில் தெரியாது, அதற்குத் தனி டெஸ்ட். மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருந்தாலும் தெரியாது, அதற்கு மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கிற எக்ஸோம் டெஸ்ட். எல்லாம் எடுத்தும் காரணம் கிடைக்காதவர்கள்தான் அதிகம். ரிப்போர்ட்டில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்று ஏதாவது போட்டிருந்தால் அதைக் கூகுளில் தேடி ராத்திரி முழுக்க அழாதீர்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், அதற்குள் அர்த்தம் தெளிந்திருக்கலாம். தெரபி இந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, பெண்ணின் தேவையைப் பார்த்து நடக்க வேண்டியது அது.

கேள்வி: பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், ஆறு வயசு. மத்த டவுன் குழந்தைக எல்லாம் ஓடி வந்து கட்டிப் புடிக்குதுக, இவன் யாருகிட்டயும் வர்றதில்ல. முதல்ல சொன்ன நாலு வார்த்தையும் போயிருச்சு. பிடிவாதம்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க.
*வாசகி, பொள்ளாச்சி*

பதில்: பிடிவாதம் இல்லை அம்மிணி. டவுன் பிள்ளைகள் என்றாலே பாசக்காரர்கள், சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஒரு எண்ணம் டாக்டர்களிடமே இருப்பதால், அவர்களில் ஆறில் ஒருவருக்கு ஆட்டிசமும் இருப்பது வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது. ‘ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறதே’ என்று இரண்டாவதைத் தேடுவதில்லை. தேடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் காதையும் தைராய்டையும் பார்க்க வேண்டும், இரண்டிலும் கோளாறு வருவது இவர்களுக்குச் சகஜம். காதுக்குள் நீர் கோத்திருந்தாலே கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆட்டிசமும் உறுதியானால் படம் காட்டிப் பேசும் முறை, அமைதியான இடம், ஒரே மாதிரி தினசரி ஒழுங்கு இதெல்லாம் அவனுக்கு ரொம்ப உதவும்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் மரபணு சரியாகி ஆட்டிசம் போய்விடும் என்கிறார்கள். தோட்டத்தை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.
*வாசகர், ஈரோடு*

பதில்: விற்காதீர்கள். ஸ்டெம் செல் எந்த மரபணுவையும் திருத்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே ஆட்டிசத்துக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அந்தத் தோட்டம் நாளைக்கு உங்கள் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டியது.

கேள்வி: மரபணு நோய்னு ரிப்போர்ட் வந்துட்டா ஆட்டிசத்துக்கான ஊனமுற்றோர் சான்றிதழ் ரத்தாகிவிடுமா?
*வாசகர், உடுமலை*

பதில்: ஆகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகையில் ஆட்டிசமும் ஒன்று, அறிவுசார் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் கொடுப்பது 40 கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. மதிப்பீட்டை வைத்து, ரத்த ரிப்போர்ட்டை வைத்து அல்ல.

கேள்வி: மூத்தவனுக்கு ஆட்டிசம். ரெண்டாவது பெத்துக்கலாமா? பயமா இருக்கு.
*வாசகி, நாமக்கல்*

பதில்: இதற்குச் சரியான பதில் வேண்டுமென்றால் மூத்தவனின் காரணம் தெரிய வேண்டும், ஜெனடிக் டெஸ்ட்டின் பெரிய பயனே இங்கேதான். காரணம் தெரியாதபோது நாங்கள் சொல்லும் பொதுக் கணக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தம்பி தங்கைகளில் 100-க்குச் சுமார் 20 பேருக்கு வரலாம், தங்கையைவிடத் தம்பிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. காரணம் தெரிந்தால் இந்த 20 அப்படியே மாறிப்போகும். மூத்தவனிடம் புதிதாக உண்டான மாற்றம், உங்கள் இருவர் ரத்தத்திலும் இல்லை என்றால் 100-க்கு ஒன்றிரண்டு என்று இறங்கும். நீங்கள் ஃப்ராஜைல் எக்ஸ் முன்நிலையில் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி அந்த எக்ஸ் போகும். என்ன மாற்றம் என்று தெரிந்திருந்தால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலோ 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலோ அதைத் தேட முடியும். தெரியாமல் ‘ஆட்டிசம் இருக்கிறதா பாருங்கள்’ என்று கேட்டால் எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியாது. அதனால் கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள், நாலாவது மாதத்தில் வந்தால் காரணத்தைத் தேட எங்களுக்கு நேரம் போதாமல் போகலாம். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது, கோவையிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை நானோ உங்கள் உறம்பரையோ சொல்லக் கூடாது, நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: எனக்குப் பதினேழு வயசு. தம்பிக்கு ஆட்டிசம், ஃப்ராஜைல் எக்ஸ்னு சொல்லியிருக்காங்க. இப்பவே சொந்தக்காரங்க, ‘இவளைக் கட்டினா இவளுக்கும் அப்படித்தான் பொறக்கும்’னு பேசறாங்க. தம்பியை விசேஷத்துக்குக் கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்றாங்க. நான் டெஸ்ட் எடுக்கணுமா? மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?
*வாசகி, ஊர் வேண்டாம்*

பதில்: கண்ணு, உன் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். அம்மாவின் இரண்டு எக்ஸில் எது உனக்கு வந்தது என்பது காசு சுண்டுவது மாதிரிதான், பாதிக்குப் பாதி. வந்திருந்தால் அது முன்நிலையாகவும் இருக்கலாம், முழு மாற்றமாகவும் இருக்கலாம். பெண்களுக்கு இன்னொரு நல்ல எக்ஸ் இருப்பதால் முழு மாற்றம் உள்ளவர்கள்கூடப் பலர் படித்து வேலைக்குப் போகிறார்கள், சிலருக்குக் கணக்குப் பாடம் மட்டும் சிரமம், சிலருக்குக் கூட்டத்தில் பதட்டம். வரவே இல்லையென்றால் உன் பிள்ளைக்கு உன் வழியாக இது போகாது, சொந்தக்காரர்கள் பேச்சு அத்தோடு முடிந்தது.

டெஸ்ட்டுக்கு அவசரமில்லை. 18 முடியட்டும். எடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய், பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதில்லை. எடுத்தால் அந்த ரிப்போர்ட் உன்னுடையது. மாற்றம் இருந்து, ஒரு பையனோடு வாழ்வது என்று முடிவான பிறகு, கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் நேராகச் சொல்லிவிடு என்பது என் அபிப்பிராயம், குழந்தை இரண்டு பேருக்கும் சேர்ந்ததுதானே. ஆலோசனைக்கு அவனையும் கூட்டி வா. ஜாதகத்தோடு சேர்த்து ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டிய காகிதம் இல்லை அது.

தம்பியை விசேஷத்துக்குக் கூட்டிப் போ. மேளச் சத்தம் தாங்க மாட்டான், அதனால் முகூர்த்த நேரத்துக்கு மண்டபத்துக்குள் வேண்டாம், பந்தி ஆரம்பிக்கிற நேரத்தில் ஓரமான இலையில் அவனை உட்கார வைத்து நீ பக்கத்தில் உட்கார். கிளம்பும்போது அம்மாவிடம் தம்பியின் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு நகல் எடுத்து உன்னிடமும் வைத்துக்கொள். உனக்கு டெஸ்ட் எடுக்கும் நாளில் லேபில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.